இல்லாத நொப்லேசா அம்மாள்

செவ்வாய்க்கிழமை என்றால் இலோயிலோ நகரத்தில் வியாபாரம் செய்கிற முப்பது பேர் சேவலுக்கு முன்னால் எழுந்துவிடுவார்கள். குளித்து, சென்ட் அடித்து, பெயர் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு, மந்துரியாவ் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் மாடி அறையில் கூடுவார்கள். பூண்டுச் சோறு, கருவாடு, முட்டை, காபி. இதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே ஒருத்தர் தொழிலை ஒருத்தர் தூக்கிவிடுவார்கள். 'விடிவெள்ளி வணிகர் கூட்டம்' என்று பெயர். ஹோட்டலில் பரிமாறுகிறவர்கள் மட்டும் 'கொட்டாவிக் கூட்டம்' என்பார்கள்.

கூட்டத்தில் ஒரு தொழிலுக்கு ஓர் ஆள்தான். ஒரு பல் டாக்டர், ஒரு கரையான் மருந்துக்காரர், ஒரு சவப்பெட்டிக்காரர், இப்படி. ஆளுக்கு ஒரு நிமிஷம் எழுந்து தன் தொழிலைப் பற்றிப் பேசலாம். நிமிஷம் முடிந்தால் தலைவி பெர்லா பித்தளை மணியை ஆட்டுவாள். மணிக்கு அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது, பாதி வார்த்தை உள்ளே இருந்தாலும் அதை விழுங்கிவிட்டு உட்கார வேண்டும். கரையான் மருந்துக்காரர் மூன்று வருஷமாக 'ராணிக் கரையான்' என்ற இடத்தில்தான் உட்கார்ந்துகொண்டிருந்தார், அந்த ராணிக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. சவப்பெட்டிக்கார தாடிங்குக்கோ ஒரு நிமிஷம் ரொம்ப அதிகம். எழுவார், "நான் யாரையும் அவசரப்படுத்தலை" என்பார், உட்கார்ந்துவிடுவார்.

அதற்கப்புறம்தான் நிஜமான சங்கதி. ஒவ்வொருவரும் எழுந்து இன்னொருவருக்கு ஒரு 'பெயர்' கொடுக்க வேண்டும். "மனோங், என் மச்சினி வீட்டுல கதவு நிலையெல்லாம் கரையான், இந்த நம்பர்ல கூப்பிடுங்க" என்கிற மாதிரி. மனோங் என்றால் அண்ணன், மனாங் என்றால் அக்கா. பெயருக்கு ஒரு கைதட்டல். பெயர் இல்லாதவர்கள் எழுந்து நின்று, "இன்னைக்கு என்கிட்ட பேர் இல்லை" என்று சொல்ல வேண்டும். சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் முப்பது பேர் ஒரே நேரத்தில் முட்டையைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலை.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கூட்டம் நிறைய அடுப்புகளை எரிய வைத்தது. ஹாரோ பக்கத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்த சேலோவையே எடுத்துக்கொள்ளலாம். அவள் கூட்டத்தில் சேருவதற்கு முன்னால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் முடிகிற மாதத்தில் மட்டும், பட்டம் வாங்கிய பிள்ளைகளின் படத்தை வாசலில் கட்ட ஊர் முழுக்க வரும். மற்ற மாதமெல்லாம் இயந்திரத்தின் மேல் பூனை தூங்கும். கூட்டத்தில் சேர்ந்த பிறகு பல் டாக்டருக்கு ஓர் ஆள் உயரப் பல்லும், கூட்டுறவுச் சங்கத்துக்குக் காலண்டரும் அச்சடித்தாள். தாடிங்குக்கு 'அமைதியாக வாருங்கள்' என்ற பேனர்கூடப் போட்டுக் கொடுத்தாள். பூனை வேறு இடம் பார்த்துக்கொண்டது.

சேலோவிடம் ஒரு குறை. வாங்குவாள், கொடுக்க மாட்டாள். கஞ்சத்தனம் இல்லை, கொடுக்க ஆள் தெரியாது. கடைக்கு வருகிறவர்களிடம் எழுத்தைச் சரிபார்ப்பாள், அளவு கேட்பாள், அனுப்பிவிடுவாள். உங்கள் வீட்டில் என்ன விசேஷம், பந்திக்கு யார், பல் வலிக்கிறதா என்று வாயைக் கிளறத் தெரியாது. அந்த வருஷத் தொடக்கத்தில் மூன்று செவ்வாய் தொடர்ந்தாற்போல் எழுந்து நின்று "பேர் இல்லை" என்று சொன்னாள்.

மூன்றாவது செவ்வாய் முடிந்ததும் பெர்லா அவள் முழங்கையைப் பிடித்துக் காபிப் பாத்திரத்தின் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். பெர்லா காப்பீட்டு ஏஜெண்டு. எவ்வளவு கெட்ட சேதியையும் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொல்வாள்.

"சேலோ, கண்ணு, நீ நல்லா சாப்பிடுற. சந்தோஷம்."

"என்ன மனாங், இப்படிச் சொல்றீங்க?"

"நான் சொல்லலைடி, கமிட்டி சொல்லுது. மோலோவுல புதுசா ஒருத்தன் அச்சுக் கடை போட்டிருக்கான். ரோடு அகலத்துக்கு மெஷினாம். சேர்த்துக்கச் சொல்லி மனு குடுத்திருக்கான். ஒரு தொழிலுக்கு ஒரு ஆளுதானேன்னு சொல்லி வச்சிருக்கேன்." பெர்லா சர்க்கரையைக் கலக்கினாள். "எத்தனை வாரம் சொல்ல முடியும், நீயே சொல்லு."

சேலோ காபியைக் கீழே வைத்தாள். கூட்டத்தில் இடம் போனால் பல் போய்விடும், காலண்டர் போய்விடும், பூனை திரும்பி வந்துவிடும்.

அடுத்த செவ்வாய் வரைக்கும் யோசித்தாள். யாராவது ஒருவர், எந்தத் தேவையாவது? ஒன்றும் அகப்படவில்லை. அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள். எதிரே எல்பிங் உட்கார்ந்திருந்தார். லா பாஸில் முழுப் பன்றியை வயிற்றுக்குள் எலுமிச்சைப் புல் திணித்துக் கரித்தணலில் சுட்டுக் கொடுக்கிற லெச்சோன்காரர். ஒல்லி மனுஷன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் புகை வாசனை போகாது. கூட்டத்துக்கு வந்த முதல் நாள் பேசும்போது அவர் கை நடுங்கி, மைக்கிலிருந்து மழை பெய்கிற சத்தம் வந்தது. ஞானஸ்நான வீடு, கல்யாண வீடு என்று பந்திக்குப் போகிற இடத்தில் எல்லாம் "பேனர் வேணும்னா ஹாரோவுல என் தங்கச்சி இருக்கா" என்று சொல்லிச் சொல்லி சேலோவுக்குப் பெயர்களாகக் கொண்டுவந்து கொட்டியவர் அவர்தான். அவளை 'இந்தாய்' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பக்கத்தில் பிரியமான தங்கைக்குச் சொல்கிற வார்த்தை.

"மனோங் எல்பிங்குக்கு ஒரு பேர்" என்றாள் சேலோ. வாய் தானாகப் போனது. "மியாகாவ்ல நொப்லேசா அம்மான்னு ஒருத்தங்க. பொண்ணு நர்ஸ் பரீட்சை பாஸ் பண்ணிருக்கா. விருந்து வைக்கப் போறாங்க. லெச்சோனுக்கு ஆள் தேடுறாங்க."

பொய்க்கும் ஒரு கைவேலை உண்டு. அந்தக் கடலோரத்து ஊர்களில், ஸ்பானியர் காலத்தில் எந்த அதிகாரி செய்த வேலையோ, ஊருக்கு ஓர் எழுத்து என்று குடும்பப் பெயர்களைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மியாகாவ் என்றால் தெருவுக்குத் தெரு 'ந'வில் தொடங்குகிற பெயர். ஆகையால் நொப்லேசா. வருஷத்தின் எந்த நாளிலும் அந்த ஊரில் எவளாவது ஒரு பெண் நர்ஸ் தேர்வில் தேறியிருப்பாள். ஆகையால் நர்ஸ். எண் கேட்டபோது, எப்போதோ செத்துப்போன தன் பழைய போன் எண்ணைச் சொன்னாள். எல்பிங் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, அந்தக் கையாலேயே கும்பிடுகிற மாதிரி தலையாட்டினார். கைதட்டல். பெர்லா கண்ணடித்தாள்.

சேலோ உட்கார்ந்தாள். அப்பாடா என்றிருந்தது. நம்பர் கிடைக்காது, ஆள் விட்டுவிடுவார், யாருக்கு என்ன நஷ்டம் என்று முட்டையை வெட்டித் தின்றாள்.

வெள்ளிக்கிழமை எல்பிங் போனில் கூப்பிட்டார். "இந்தாய், அந்த அம்மா நம்பர் அடிக்கவே மாட்டேங்குது."

"அங்க சிக்னல் இருக்காது மனோங்."

"அதான் நானும் நெனச்சேன். மலைப் பக்கமா இருக்கும், பாவம்."

திங்கட்கிழமை சேலோ லா பாஸ் சந்தைக்குப் போனவள் எல்பிங்கின் கொட்டகையைத் தாண்டினாள். அடுப்பு அணைந்து கிடந்தது. அவர் மனைவி நேனிங் மூங்கில் கழியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எங்க மனோங்?"

"எங்கயா? உன் நொப்லேசா அம்மாவைத் தேடித்தான்! விடியறதுக்குள்ள கிளம்பிட்டாரு. ஒரு டப்பா நிறைய தோல் வறுத்து எடுத்துக்கிட்டு, ருசி காட்டணுமாம். இன்னைக்கு ஹாரோவுல ஒரு பிறந்த நாளுக்குக் கேட்டாங்க, வேண்டாம்னுட்டாரு. என்னய்யா இதுன்னு கேட்டா, சேலோ குடுத்த பேருடீ, அவ மூணு வாரம் பேரில்லாம நின்னா, எனக்குன்னு தேடிக் குடுத்திருக்கா, அதைப் போய் விடுறதாங்குறாரு."

சேலோ சந்தைக்குப் போகவில்லை. அங்கேயே ஓரமாக நின்று அவருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில் போனாலும் மியாகாவ் கிட்டத்தில் இல்லை. அன்றைக்கு அவள் அச்சடித்த ஒரு பேனரில் மாப்பிள்ளை தலைக்குப் பெண் உடம்பு வந்துவிட்டது. வேறு அடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் செவ்வாய். எல்பிங் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்தது. முறை வந்ததும் எழுந்தார். கை நடுங்கவே இல்லை.

"கூட்டத்தாரே, போன வாரம் இந்தாய் எனக்கு ஒரு பேர் குடுத்தா. நம்பர் தப்பு. அவசரத்துல ஒரு எண்ணை மாத்திட்டா போல. பரவாயில்லை. நேரா மியாகாவ் போய் இறங்கினேன். நொப்லேசா வீடு எதுன்னு கேட்டேன். எந்த நொப்லேசான்னு கேட்டாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது, அந்த ஊர்ல கல்லை எறிஞ்சா நொப்லேசா மேலதான் விழும்!"

அறை சிரித்தது.

"முதல் வீட்டுல பொண்ணே இல்லை. அடுத்த வீட்டுல பொண்ணு இருக்கா, பரீட்சையில ஃபெயில். நான் விருந்து எப்பன்னு கேட்டதும் அவ அழ ஆரம்பிச்சுட்டா. அவங்கப்பா நாயை அவுத்து விட்டாரு. செருப்பு அங்கயே போச்சு. ஒத்தைக் கால் செருப்போட கோயில் பின்னாடி, ஆத்தோரம்னு அலைஞ்சேன். ஒரு வீட்டுல சாமி பேர் சொல்லித் தண்ணி கேட்டேன், கதவே திறக்கலை. திரும்பிரலாம்னு பஸ் நிக்கிற இடம் வரைக்கும் வந்துட்டேன். அப்புறம் நெனச்சேன், இந்தாய் பொய்யா சொல்லுவா? திரும்பிப் போனேன். கடைசியா ஒரு கிழவி வீட்டு வாசல்ல ஒரு பேனர். 'எங்கள் குடும்பத்து முதல் நர்ஸ்'. பொண்ணு இல்லை, பேத்தி. நொப்லேசாதான்! டப்பாவைத் திறந்தேன். ஒரு துண்டு வாயில போட்டாங்க. ரெண்டு பன்னி சொல்லிட்டாங்க!"

அறை எழுந்து நின்று தட்டியது. தாடிங்கூட நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார், அது அவர் வழக்கத்துக்கு ரொம்ப அதிகம். பெர்லா மணியை அடிக்கவே மறந்து போனாள். 'இந்தாய் பொய்யா சொல்லுவா' என்ற இடத்தில் சேலோவின் காது மடல்கள் இரண்டும் எரிந்தன. தலையைக் குனிந்தாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"பார்த்தீங்களா!" என்றாள் பெர்லா. "குடுத்தா இப்படிக் குடுக்கணும், பிடிச்சா இப்படிப் பிடிக்கணும். ரெண்டு வாரத்துல நம்ம ஆண்டு விழா. இந்த வருஷத்துச் 'சிறந்த கை' விருது சேலோவுக்குத்தான். மேடைக்குப் பின்னாடி அவ படம் போட்டுப் பெரிய பேனர் வைக்கிறோம்."

"யாருகிட்ட அடிக்கிறது?" என்றார் கரையான்காரர்.

"வேற யாருகிட்ட? ஒரு தொழிலுக்கு ஒரு ஆளுதானே!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்படியாகத் தன் புகழைத் தானே அச்சடிக்கிற வேலை சேலோவுக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பேனரை அவள் கடைசி நாள் வரைக்கும் தள்ளிப் போட்டாள். போட்டபோது இயந்திரம் அவள் முகத்தை நெற்றியிலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பியது. முதலில் தலைமுடி வந்தது. புருவம் வந்தது. ஒவ்வொன்றும் முறத்தளவுக்குக் கண் இரண்டும் வந்தன. அவள் நகர்ந்து நின்றாள், கண் அவளைப் பார்த்தது. இந்தப் பக்கம் வந்தாள், இந்தப் பக்கமும் பார்த்தது. படத்தின் சிரிப்பு வந்தபோது இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். மை தீர்ந்துவிட்டதாகத் தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். மை நிறைய இருந்தது. பொய் சொல்லக் கேட்பதற்கு ஆள்கூட வேண்டியதில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் அடித்து முடித்தாள்.

விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் மியாகாவ் விருந்து. எல்பிங் விடவில்லை. "நீ வராம எப்படி இந்தாய்? அந்த நர்ஸோட பாட்டி, லோலா பசேன்சியா, கேட்டுக்கிட்டே இருக்காங்க, என்னைத் தெரிஞ்ச அந்தப் பொண்ணு யாருன்னு."

எல்பிங் வாடகைக்கு எடுத்து ஓட்டிய வண்டியில் வாழையிலை சுற்றிய இரண்டு பன்றிகளுக்கு நடுவில் சேலோ உட்கார்ந்து போனாள். மூவரில் பன்றிகள் இரண்டுக்கும் முகத்தில் கவலையே இல்லை.

லோலா பசேன்சியா நொப்லேசா, எண்பது தாண்டிய கிழவி, வாசலில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். வாயில் பல் குறைவு, கேள்வி அதிகம்.

"நீதானா என்னைத் தெரிஞ்சவ? கிட்ட வா, மூஞ்சியைக் காட்டு. யாரு பொண்ணு நீ?"

சேலோ கிட்டே போய் முகத்தைக் காட்டினாள்.

"இரு, இரு. சந்தையில துணி வித்தாளே பாசிங், அவ தங்கச்சி மகளா நீ? நெத்தி அப்படியே இருக்கு. அவதான் என்னைப் பத்திச் சொல்லியிருப்பா, என்ன?"

அந்த ஊர்ப் பக்கத்தில் வாசலுக்கு வந்தவரைச் சொந்தமாக்காமல் உள்ளே விட மாட்டார்கள். கிழவியே கதவைத் திறந்து, கம்பளமும் விரித்துவிட்டாள். சேலோ செய்ய வேண்டியது ஒரே ஒரு தலையாட்டல். ஆட்டினாள்.

"பாத்தியா இந்தாய், சொந்தமே வந்துருச்சு!" என்று எல்பிங் வெட்டுக்கத்தியைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்.

அவளை மேஜைத் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். முதல் துண்டுத் தோலை அவள் தட்டில்தான் வைத்தார்கள். அப்புறம் அந்த நர்ஸ் பெண் வந்தாள். வெள்ளை உடுப்பு, புது ஷூ. பெரியவர்களிடம் ஆசி வாங்குகிற வழக்கப்படி குனிந்து, சேலோவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"ஆசீர்வாதம் பண்ணுங்க அத்தை. நீங்க சொல்லி அனுப்பினதாலதான் இவ்வளவு நல்ல விருந்து அமைஞ்சுது."

நெற்றி சூடாக, கொஞ்சம் வியர்வையாக இருந்தது. சேலோ சுட்டுவிட்ட மாதிரி கையை உருவிக்கொண்டாள்.

"எனக்கு பாசிங்கைத் தெரியாது" என்றாள். "உங்களையும் தெரியாது, லோலா. அந்தப் பேரை நான் இட்டுக் கட்டினேன். கூட்டத்துல எழுந்து நிக்க வெக்கமா இருந்துச்சு, அதுக்காக. நம்பர் தப்பா குடுக்கலை, செத்த நம்பரைத் தெரிஞ்சேதான் குடுத்தேன். மனோங் எல்பிங் அலைஞ்சதெல்லாம் என்னாலதான்."

பந்தியில் கரண்டிகள் நின்றன. வெட்டுக்கத்தி பாதி வழியில் நின்றது.

கிழவி விசிறியை மடியில் வைத்தாள். "இட்டுக் கட்டினியா? அடியே, நீ கட்டுறதுக்கு எண்பது வருஷம் முன்னாடியே நான் இருக்கேன்டி!" என்றாள். பிறகு சுற்றிலும் பார்த்து, "என்ன எல்லாரும் எழவு வீடு மாதிரி? பன்னி நெசம்தானே? சாப்பிடுங்க" என்றாள். பேத்திமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எல்பிங் சிரிக்கவில்லை. கத்தியை இறக்கினார். அப்புறம் பந்தி முடிகிறவரை அவர் வெட்டின வெட்டில், எலும்பு தூள் பறந்தது.

திரும்பும்போது வண்டியில் பன்றிகள் இல்லை, இடம் நிறைய இருந்தது. ஆனாலும் சேலோ ஓரத்தில் ஒடுங்கியே உட்கார்ந்திருந்தாள். பாதி வழி வரைக்கும் எல்பிங் ரோட்டைத்தான் பார்த்தார்.

"நான் வீடு வீடாப் போனப்ப நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"உங்களுக்குப் போன் பண்ணிட்டிருந்தேன் மனோங்."

"பாத்தேன், அப்புறமா. எதுக்குப் பண்ண?"

"திரும்பி வரச் சொல்ல."

"என்ன சொல்லித் திரும்பி வரச் சொல்லியிருப்ப?"

சேலோ யோசித்தாள். அன்றைக்கு வாயில் தயாராக இருந்தது என்ன என்பது ஞாபகம் இருந்தது. "அந்தம்மா ஊருக்குப் போயிட்டாங்கன்னு" என்றாள்.

"ஓ." அவர் கியரை மாற்றினார். "நான் அந்தக் கதையை எத்தனை பேருகிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுமா? மாமனார்கிட்ட, சாமியார்கிட்ட, பன்னி குடுக்கிறவன்கிட்ட. இந்தாய் பொய்யா சொல்லுவான்னு நான் சொல்ற இடத்துல எல்லாரும் தலையாட்டுவாங்க."

ஹாரோவில் கடை வாசலில் இறக்கிவிட்டபோது, "பார்த்து இறங்குங்க, மேடம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஆண்டு விழா. எல்பிங்கின் நாற்காலி காலியாக இருந்தது. மேடைக்குப் பின்னால் சேலோவின் முகம் சுவர் அகலத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. விருதுச் சின்னத்தைப் பெர்லா அவள் சட்டையில் குத்தி, "ஒரு நிமிஷம் பேசு, கண்ணு" என்று மைக்கைக் கொடுத்தாள்.

சேலோ நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். சுற்றி வளைக்கவில்லை, அழவும் இல்லை. செத்த நம்பரைச் சொன்னாள். அணைந்து கிடந்த அடுப்பைச் சொன்னாள். நாய், செருப்பு, தண்ணீர் கொடுக்காத கதவு, எல்லாவற்றையும் எல்பிங் சொன்னதுபோலவே சொன்னாள், ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "இந்தச் சின்னத்தை நான்..." என்கிற இடத்தில் மணி அடித்தது. பெர்லா வேண்டுமென்று அடிக்கவில்லை. பத்து வருஷப் பழக்கம், கை தானாக ஆடிவிட்டது. ஆனால் மணி மணிதான். சேலோ மிச்சத்தை விழுங்கிவிட்டு உட்கார்ந்தாள்.

எல்லாரும் முட்டையைப் பார்த்தார்கள். அது வழக்கமான பார்வை இல்லை. பல் டாக்டருக்குக் கழுத்து வரை சிவந்திருந்தது. கரையான்காரர் உப்புப் போட்ட முட்டைக்கு மேலும் மேலும் உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பெர்லாவே மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். தாடிங் மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டார். அவருக்கு யாரும் பெயர் கொடுத்ததில்லை, அவரும் கொடுத்ததில்லை. அந்தத் தொழில் அப்படி.

சின்னத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சேலோ நாற்காலி போட்டு ஏறித் தன் முகத்தைத் தானே அவிழ்த்து இறக்கினாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் உதவவும் இல்லை. சுருட்டினால் அது ஒரு பாய் அளவு இருந்தது.

கமிட்டி கூடியது. ஒரு மாதம் கூட்டத்துக்கு வர வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்றது. மோலோக்காரன் அந்த ஒரு மாதம் விருந்தாளியாக வந்து அவள் நாற்காலியில் உட்காரலாம் என்றும் சொன்னது. அடுத்த செவ்வாய் கூட்டத்தில் பெயர்கள் பாதியாகக் குறைந்துவிட்டனவாம். பாதிப் பேர் எழுந்து நின்று "இல்லை" என்றார்களாம். ஆனால் கொடுத்த எண்கள் அத்தனையும் மணியடித்தனவாம். எல்பிங் திரும்ப வந்து அவர் இடத்தில் உட்கார்ந்தார் என்றும் சொன்னார்கள். சேலோ அவருக்கு இரண்டு தடவை போன் செய்தாள். நேனிங்தான் எடுத்தாள். "அடுப்புப் பக்கம் இருக்காரு, மிஸஸ்" என்று மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதை கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

கூட்டம் இல்லாத மாதம் கடையில் வேலை இல்லை. பேனர் மாதிரிப் படங்களை ஓர் ஆல்பத்தில் செருகி எடுத்துக்கொண்டு சேலோ ஒரு காலை ஜீப்னி ஏறினாள். ஹாரோவிலேயே ஆயிரம் வீடு இருந்தது. அவள் போய் இறங்கியது மியாகாவில்.

லோலா பசேன்சியா வீட்டுப் பக்கம் அவள் போகவில்லை, அதற்கு முகம் இல்லை. கோயில் பின்னால் இருந்த தெருவில் தொடங்கினாள். முதல் வீட்டில் வேண்டாம் என்றார்கள். அடுத்ததில் நாய் குரைத்தது. வெயில் கழுத்தைப் பிடித்தது. ஆற்றோரம் ஒரு வீட்டில் ஒரு பெண் கம்பிக் கதவுக்கு உள்ளேயே நின்றுகொண்டு பேசினாள்.

"பேனரா? வேண்டாம். போன மாசமும் இப்படித்தான் ஒரு ஒல்லி ஆள் வந்தான், புகை வாசனையோட. யாரோ நர்ஸ் வீட்டைக் கேட்டான். ஒரு கால்ல செருப்பு இல்லை. தண்ணி கேட்டான், நான் திறக்கலை. தனியா இருக்கேன், யாருன்னு தெரியாது. அப்புறம் அந்த மூலைக் கல்லுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். டப்பாவை மடியில வச்சுக்கிட்டு." அந்தப் பெண் கம்பி வழியாக அந்த மூலையைக் காட்டினாள். "பாவம், யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க."

சேலோ அந்தக் கல்லைப் பார்த்தாள். நிழல் என்று அங்கே ஒன்றும் இல்லை. கல்லில் உட்கார்ந்திருந்ததை எல்பிங் கூட்டத்தில் சொல்லவில்லை. பேரைக் கொடுத்தவள் முன்னால் அதைச் சொல்ல வேண்டாம் என்று விட்டிருப்பார்.

"ஆமா" என்றாள் சேலோ. "நான்தான்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்தேகமாகப் பார்த்தாள். "நீங்க யாரு? உங்களை யாரு அனுப்பினா?"

"யாரும் அனுப்பலை. என்னை இங்க யாருக்கும் தெரியாது. நானாத்தான் வந்தேன்."

பெண் கதவைத் திறக்கவில்லை. ஆனால் போய்விடவும் இல்லை. கொஞ்ச நேரம் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"வெயில்ல நிக்காதீங்க. இந்தப் பக்கம் கூரை நிழல் இருக்கு, வந்து நில்லுங்க" என்றாள். "அந்தப் புஸ்தகத்துல என்ன வச்சிருக்கீங்க, காட்டுங்க."